கல்லூரிக் கணிதத்துக்கு எந்தக் கால்குலேட்டர் வாங்கலாம்?

பாடத்திட்டத் தாளில் புத்தகப் பட்டியலுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும்: "கிராஃபிங் கால்குலேட்டர் தேவை." திரையிலேயே வரைபடம் வரைந்து காட்டும் கால்குலேட்டர் என்று பொருள். எந்த மாதிரி, எதற்குத் தேவை, தேர்வில் கொண்டுபோகலாமா என்ற விவரம் எதுவும் பெரும்பாலும் இருக்காது. அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போனால், சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகள்தான் வரிசையாக நிற்கும்.

நான் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். "எது நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி நான் கேட்பது, "தேர்வு அறையில் எதை விடுகிறார்கள்?" என்பதுதான். இதற்குக் காரணம் உண்டு. முதலாமாண்டில் அக்காவிடம் கடன் வாங்கி, இருப்பதிலேயே பெரிய கருவியை வாங்கினேன். வகையீடு, தொகையீடு எல்லாவற்றையும் எழுத்து வடிவிலேயே போட்டுத் தரும் கருவி அது. இரண்டு மாதம் அதிலேயே பழகினேன். இடைத்தேர்வு நாளில் மேற்பார்வையாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், மேசை மேல் வைத்துவிட்டார். அந்த வகைக்கு அனுமதி இல்லை. சைன் 40 டிகிரி மதிப்புக்கூட இல்லாமல் இரண்டரை மணி நேரம் எழுதினேன். அக்காவின் கடனை அடைக்க அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆனது.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டே கேள்வி போதும். தேர்வில் எந்த மாதிரிகளுக்கு அனுமதி? வகுப்பில் நீங்கள் எதை வைத்து நடத்துவீர்கள்? பல கணிதத் துறைகளில் கால்குலஸ் தேர்வுக்குக் கால்குலேட்டரே கிடையாது. சில இடங்களில் சயின்டிஃபிக் மட்டும் உண்டு. அப்படி ஒரு பதில் வந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே முடிந்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு மட்டும்தான் வரைபடம் வேண்டும் என்றால், அதற்குக் காசு செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, இந்தக் கருவியிடம் உண்மையில் என்ன எதிர்பார்க்கலாம்? அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவிலான பாடத்துக்கு எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வு, கிராஃபிங் கால்குலேட்டருக்கு நான்கு வேலைகளைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்திருக்கிறது. நாம் தரும் எல்லைக்குள் ஒரு சார்பை வரைய வேண்டும். சமன்பாட்டின் மூலங்களை எண்ணாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பைத் தர வேண்டும். வரையறுத்த தொகையீட்டின் மதிப்பைத் தர வேண்டும். கல்லூரி முதல் இரண்டாண்டுக் கால்குலஸுக்கும் இந்த நான்குதான் அளவுகோல். இதில் கடைசி இரண்டையும் ஒரு நல்ல சயின்டிஃபிக் கால்குலேட்டரே செய்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ் கனம், கழித்தல் 4 எக்ஸ், கூட்டல் 1. இதன் மூலங்கள் வேண்டும்.

கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎக்ஸ் என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டரில் சமன்பாட்டுப் பகுதிக்குப் போய், மூன்றாம் படி என்று தேர்ந்து, கெழுக்களாக 1, 0, −4, 1 கொடுத்தால் மூன்று மூலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்: −2.115, 0.254, 1.861. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (டி.ஐ.) டி.ஐ-84 பிளஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டரில் இதே வேலைக்கு முதலில் சார்பை எழுதி, வரைந்து, இரண்டாம் விசையும் டிரேஸும் அழுத்தி, "ஸீரோ" என்பதைத் தேர்ந்து, கர்சரை மூலத்துக்கு இடப்பக்கம் வைத்து என்டர், வலப்பக்கம் வைத்து என்டர், உத்தேசமாக ஓரிடத்தில் வைத்து இன்னொரு என்டர். ஒரு மூலத்துக்கே இவ்வளவு. மூன்றுக்கும் மூன்று தடவை. கேசியோவின் கிராஃபிங் மாதிரிகளில் ஷிஃப்ட், எஃப்5, பிறகு "ரூட்". இடக்கோடியில் உள்ள −2.115 வந்து நிற்கும், வலது அம்புக்குறியைத் தட்டத் தட்ட மற்ற இரண்டும் வரும். டெஸ்மாஸ் என்ற இலவச வரைபடச் செயலியில் கோட்டின் மேல் தொட்டாலே போதும், எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களில் புள்ளிகள் தோன்றும்.

இதைப் பார்த்தால் சயின்டிஃபிக்கே போதும்போல் தோன்றும். இன்னொரு கணக்கு: ஈ-யின் எக்ஸ் அடுக்கு, 3 எக்ஸுக்குச் சமம். இது பல்லுறுப்புக்கோவை இல்லை. சயின்டிஃபிக்கில் "சால்வ்" விசையைத்தான் நம்ப வேண்டும். தொடக்க மதிப்பாக 0 கொடுத்தால் 0.619 வரும். விடை வந்துவிட்டது என்று அடிக்கோடு போட்டுவிடுவோம். ஆனால் 1.512-இலும் ஒரு மூலம் இருக்கிறது. வரைபடத்தில் வளைகோடும் நேர்கோடும் இரண்டு இடத்தில் வெட்டுவது ஒரே பார்வையில் கண்ணில் படும். கிராஃபிங் கருவிக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்: எத்தனை விடை என்று முன்கூட்டியே தெரிவதற்கு. அந்த வசதி இல்லாதவர்கள் சயின்டிஃபிக்கின் அட்டவணைப் பகுதியில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழித்துப் போட்டு, குறி மாறும் இடங்களைப் பார்க்கலாம். 0-இல் 1, 1-இல் −0.28, 2-இல் 1.39. குறி இரண்டு தடவை மாறுகிறது, ஆகவே இரண்டு மூலம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் நடக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

சயின்டிஃபிக்கும் இலவசச் செயலியும்

என் பரிந்துரைகளில் முக்கால்வாசி இதில்தான் வந்து முடிகிறது. 991 இஎக்ஸ் போன்ற ஒன்று நான்காம் படிவரை சமன்பாடு தீர்க்கும், நான்கு மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைப் போடும், 4க்கு 4 அணிகளைப் பெருக்கும், தலைகீழ் காணும், எண்முறைத் தொகையீடும் செய்யும். வரைபடத்துக்கு டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் இருக்கின்றன. டெஸ்மாஸ் உலாவியில் இலவசம், கைப்பேசிச் செயலி இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு மாறிலிக்கு நகர்த்துப்பட்டை வைத்து இழுத்தால் கோடு கண்முன்னே அசையும். ஒரு சார்பை இடமாகவோ வலமாகவோ நகர்த்துவது எப்படி என்று புரியாமல் தவித்த மாணவருக்கு அரை மணி நேரம் பலகையில் விளக்கியும் எட்டாதது, அந்தப் பட்டையை இரண்டு தடவை இழுத்ததும் எட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்குள்ள ஒரே பெரிய குறை தேர்வு அறை. கைப்பேசியை அங்கே யாரும் விடமாட்டார்கள். இணையத்தில் நடக்கும் சில தேர்வுகளில் டெஸ்மாஸ் திரையிலேயே கொடுக்கப்படுகிறது, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கணினியில் நடக்கும் சாட் தேர்வு அப்படித்தான். உங்கள் கல்லூரித் தேர்வும் அப்படி என்றால் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

டி.ஐ-84 குடும்பம்

வகுப்பறைகளில் அதிகம் பழகியது இதுதான், அதன் பெரிய பலமும் அதுவே. பாடப்புத்தகங்களில் அச்சாகும் விசைப் படங்கள், ஆசிரியர் திரையில் காட்டும் கருவி, பக்கத்து இருக்கைக்காரர் கையில் இருப்பது எல்லாம் பெரும்பாலும் இதே விசை அமைப்புதான். வகுப்பு வேகமாகப் போகும்போது "இப்போது எதை அழுத்தினார்?" என்று தேடாமல் இருப்பது சிறிய விஷயம் இல்லை. ஆசிரியர் இதை வைத்து நடத்தினால், வேறு கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதையே வாங்கச் சொல்வேன்.

ஆனால் பழைய டி.ஐ-84 பிளஸின் திரையைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் கிராஃபிங் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி 1985-இல் வந்தது; அதன் திரை 96க்கு 64 புள்ளிகள். 2004-இல் வந்த டி.ஐ-84 பிளஸின் திரையும் அதே 96க்கு 64தான். இதனால் என்ன ஆகும்? கருவியை ரேடியனில் வைத்து, −10 முதல் 10 வரையிலான வழக்கமான எல்லையில் சைன் 30 எக்ஸ் வரையச் சொல்லுங்கள். உண்மையில் அந்த இடைவெளிக்குள் கிட்டத்தட்ட 95 அலைகள் இருக்க வேண்டும். திரையிலோ ஒன்றரை அலை அழகாக, நிதானமாக எழுந்து விழும். கருவி புள்ளிக்குப் புள்ளி 0.21 தள்ளித் தள்ளி மதிப்பைக் கணக்கிடுகிறது. இந்தச் சார்பின் ஒரு முழு அலையின் அகலமும் ஏறத்தாழ அதே 0.21. ஆகவே ஒவ்வொரு அலையிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டே போய், இல்லாத ஒரு அலையைக் காட்டுகிறது. பார்க்க எந்தக் குறையும் தெரியாது. திரை காட்டுவதை அப்படியே விடைத்தாளில் வரைந்து மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு. எல்லையைச் சுருக்கி மறுபடி வரைந்து பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இதற்கு மருந்து.

2015-இல் வந்த டி.ஐ-84 பிளஸ் சி.இ. வண்ணத்திரை கொண்டது, 320க்கு 240 புள்ளிகள், மின்னேற்றும் பேட்டரி. மூன்று நான்கு கோடுகளை ஒரே படத்தில் வரையும்போது நிறம் பெரிய உதவி. ஆனால் பழையதற்கு நான்கு ஏ.ஏ.ஏ. பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். சி.இ.யை முந்தைய இரவே சார்ஜ் போட மறந்தால் மறுநாள் திண்டாட்டம்தான்.

இன்னும் பழைய டி.ஐ-83 பிளஸ் சிலரிடம் சும்மா கிடக்கும். விசை அமைப்பு ஏறக்குறைய அதே. கால்குலஸுக்குத் தாராளமாகப் போதும். புள்ளியியல் பாடம் என்றால் மட்டும் யோசியுங்கள்: தலைகீழ் டி பரவல், கை-வர்க்கப் பொருத்தச் சோதனை இரண்டும் 84-இல் உண்டு, 83 பிளஸில் கிடையாது.

புள்ளியியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கிய காசு வீணாகாத பாடம் எது என்று கேட்டால் கால்குலஸைவிட இதைத்தான் சொல்வேன். இருபது தரவுகளைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் சராசரி, திட்டவிலக்கம், பெட்டிப்படம், தொடர்புப்போக்குக் கோடு, டி சோதனை, நம்பிக்கை இடைவெளி என எல்லாம் அதே பட்டியலிலிருந்து வரும். சயின்டிஃபிக்கில் சராசரியும் இயல்நிலைப் பரவலும் கிடைக்கும். சோதனைகள் கிடைக்காது, அட்டவணையைப் புரட்ட வேண்டும். நேரியல் இயற்கணிதத்திலும் இப்படி ஒன்று உண்டு. அணியை வரிசை ஏறுபடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை கிராஃபிங் கருவிகளில் இருக்கிறது. கையால் போட்ட வரிசைச் செயல்களைச் சரிபார்க்க அதைவிட வேறு துணை வேண்டாம்.

கேசியோவின் கிராஃபிங் மாதிரிகள்

ஆசிரியர் "எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டால், புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கேசியோ எஃப்எக்ஸ்-9750 ஜி த்ரீ. பொதுவாக டி.ஐ-84 சி.இ.யைவிட விலை நன்றாகவே குறைவு. கறுப்பு வெள்ளைத் திரைதான், பின்விளக்கு கிடையாது, மங்கலான அறையில் கஷ்டம். ஆனால் மேலே சொன்ன நான்கு வேலைகளும், புள்ளியியல் சோதனைகளும், அணிகளும், பைத்தான் நிரல்மொழியும் இதில் உண்டு. எஃப்எக்ஸ்-சிஜி50 இதற்கு அண்ணன்: 384க்கு 216 வண்ணத்திரை, முப்பரிமாண வரைபடம்கூட வரும். இரண்டுக்கும் நான்கு ஏ.ஏ.ஏ. பேட்டரிதான். திரையின் அடியில் இருக்கும் எஃப்1 முதல் எஃப்6 வரையிலான விசைகளுக்கு அந்தந்த நேரத்தில் என்ன பொருள் என்று திரையிலேயே எழுதியிருக்கும்; பழகிவிட்டால் டி.ஐ.யைவிட வேகம். டி.ஐ.யில் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். அந்த இரண்டு வாரத்தைத் தேர்வுக்கு முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம்வொர்க்ஸ் என்ற பிரெஞ்சுக் கருவி 2017-இல் வந்தது. கைப்பேசிபோல் பகுதி பகுதியாக அமைந்திருப்பதால் கையேடு பார்க்காமலே ஓட்டலாம். இதன் முழு மாதிரி உலாவியில் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்குமுன் ஒரு வாரம் அதில் வீட்டுப்பாடம் போட்டுப் பார்த்துவிடலாம். அந்த ஒரு வாய்ப்புக்காகவே இதைப் பட்டியலில் வைக்கிறேன். ஆனால் தேர்வு விதிகளில் இதன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய பெயர் என்பதால் மேற்பார்வையாளர் தயங்கக்கூடும்.

குறியீட்டுக் கணிதம் செய்யும் கருவிகள்

சி.ஏ.எஸ். என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். எண்ணாக மட்டும் இல்லாமல் எழுத்து வடிவிலேயே கணக்குப் போடும் நிரலுக்கு அந்தப் பெயர். டி.ஐ.-என்ஸ்பயர் சி.எக்ஸ் 2, பெயரில் சி.ஏ.எஸ். இருந்தும் இல்லாமலும் இரண்டு வகையாக விற்கிறது. அவசரத்தில் மாற்றி வாங்கிவிடுவது எளிது. எச்.பி. பிரைம் என்ற கருவியில் இது உள்ளேயே உண்டு. வித்தியாசம் இதுதான்: எக்ஸை ஈ-யின் எக்ஸ் அடுக்கால் பெருக்கி, 0 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால் எல்லாக் கருவியும் 1 என்று சொல்லும். எல்லை தராமல் கேட்டால் சாதாரணக் கருவி விழிக்கும், சி.ஏ.எஸ். மட்டும் "எக்ஸ் கழித்தல் 1, பெருக்கல் ஈ-யின் எக்ஸ் அடுக்கு" என்று எழுதித் தரும்.

ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் கால்குலஸ் தேர்வு சோதிப்பதே அந்தத் திறமையை என்பதால் பல இடங்களில் தடை இந்த வகைக்குத்தான் முதலில் வரும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஏ.சி.டி. தேர்வு இதைத் தடுக்கிறது, ஏ.பி. கால்குலஸ் அனுமதிக்கிறது. ஒரே நாட்டில் இரண்டு தேர்வுக்கு இரண்டு விதி. இன்னொரு விஷயம், எச்.பி. பிரைமுக்குள் குறியீட்டுக் கணக்கைச் செய்வது பெர்னார் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் உருவாக்கிய ஜியாக் என்ற நிரல். இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ராவின் சி.ஏ.எஸ். பகுதியிலும் ஓடுவது அதே ஜியாக்தான். வீட்டில் விடையைச் சரிபார்க்கத்தான் வேண்டும் என்றால் அதே மூளை உங்கள் கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. பொறியியல் படிக்கிறவர், தேர்விலும் அனுமதி எழுத்தில் இருக்கிறது, மூன்று நான்கு வருடம் பயன்படும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

காசு இல்லாதபோது

கடையில் விலை கேட்பதற்கு முன் நூலகத்தில் கேளுங்கள். பல கல்லூரி நூலகங்களும் கணிதத் துறைகளும் கிராஃபிங் கால்குலேட்டரைச் செமஸ்டர் முழுவதற்கும் இரவல் தருகின்றன. எண்ணிக்கை குறைவு, முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு மூன்றாவது வாரம் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உதவித்தொகை பெறுகிறவர்கள், பாடத்துக்குக் கட்டாயம் என்று தாளில் எழுதியிருக்கும் பொருளை அதில் சேர்க்க முடியுமா என்று அந்த அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அப்புறம் சீனியர்கள். கணிதம் கட்டாயமாக இருந்த இரண்டு செமஸ்டர் முடிந்ததும் அலமாரியில் போட்டுவிட்டவர்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்க நான் தயங்கவே மாட்டேன். இந்தக் கருவிகளின் மாதிரிகள் பத்துப் பதினைந்து வருடம் மாறாமல் வருகின்றன, ஆகவே ஐந்து வருடம் பழையது என்றாலும் வேலையில் வித்தியாசம் இல்லை. நீங்கள் திருப்பி விற்கும்போதும் பெரிய நஷ்டம் வராது. ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள், கையில் நான்கு புது பேட்டரி கொண்டுபோங்கள். பின்மூடியைத் திறந்ததும் கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, வேண்டாம். போட்டு இயக்கியதும் ஒரு சாய்ந்த கோட்டை வரைந்து பாருங்கள்; திரையின் பழுதான வரிசைகள் அதில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். எல்லா விசையையும் ஒருதடவை அழுத்துங்கள், முக்கியமாக என்டரையும் கழித்தலையும், அதிகம் தேய்வது அவைதான். மின்னேற்றும் மாதிரி என்றால் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மஞ்சள் நிற முகப்பும் பள்ளியின் உடைமை என்ற எழுத்தும் இருந்தால் அது வகுப்பறைக்காக விற்கப்பட்டது. விற்கிறவரிடம் எப்படி வந்தது என்று தெரியாமல் தொடாதீர்கள்.

எது கிடைத்தாலும் தேர்வுக்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். பல இடங்களில் அறை வாசலிலேயே நினைவகத்தை அழிக்கச் சொல்வார்கள். அழித்தால் நீங்கள் எழுதி வைத்த நிரல்கள் போவதோடு, கோண அமைப்பும் கருவி புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் இருக்கையில் உட்கார்ந்ததும் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியன்.